தெரியவில்லை என்று சொல்லும் பெட்டி

எங்கள் பக்கத்தில் மோட்டார் போடுவதற்காக யாரும் தோட்டத்துக்குப் போவதில்லை. டீக்கடையில் நின்றுகொண்டு, கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். தோட்டத்து மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு சிம். மணி அடித்ததும் பெட்டி அழைப்பை வெட்டிவிட்டு மோட்டாரை ஓடவிடும். ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடும். அந்தப் பெட்டியைச் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. போர்டும் புரோகிராமும் என் வேலை. அதைக் கொண்டுபோய் மாட்டுவதும், கிணற்றில் இறங்கி மோட்டார் ரிப்பேர் பார்ப்பதும் அண்ணன் வேலை. உத்தமபாளையத்தில் கம்பம் ரோட்டில் ஓர் உரக்கடையின் மாடியில் பட்டறை வைத்திருக்கிறோம். பூச்சிமருந்து வாடை எங்கள் போர்டுகளுக்கும் ஏறியிருக்கும். வாங்குகிறவர்கள் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை, அவர்கள் கையிலும் அதே வாடைதான்.

பெட்டி பதில் சொல்லும் விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாச் சண்டையும் அதிலிருந்துதான் வந்தது. மோட்டார் ஓட ஆரம்பித்தால் பெட்டி உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் திருப்பிக் கொடுக்கும். மோட்டார் நின்றுவிட்டால் ஒன்றும் செய்யாது. சும்மா இருக்கும். சும்மா இருந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். இதை எந்தக் கம்பெனியும் சட்டமாகப் போடவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேச்சு மிஸ்டு காலில்தான் நடக்கும். பஸ் ஏறியாச்சு என்றால் ஒரு ரிங். விருந்தாளி வந்தாச்சு, கறி வாங்கிக்கொண்டு வா என்றால் இரண்டு ரிங். ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை, அவரவர் வேலையைப் பார்க்கலாம். பெட்டியும் ஊர்ப் பழக்கத்தைப் படித்துக்கொண்டது. இங்கே விற்கிற எல்லாப் பெட்டியும் அப்படித்தான், எங்களுடையதும்.

முதலில் எங்கள் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே மாட்யூல்தான் இருந்தது. சிம்மைச் செருகிக்கொண்டு டவரோடு பேசுகிற சின்னப் பலகை, 2ஜி. அதற்கு எந்தக் கட்டளை கொடுத்தால் என்ன செய்யும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பிறகு அது கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் பல இடங்களில் சிக்னல் நொண்டியது. 4ஜி மாட்யூல் வாங்கினேன். அதன் கட்டளைகள் வேறு, அது எழுந்து உட்கார எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு, கோபித்துக்கொண்டு படுத்துவிடுகிற காரணங்களும் வேறு. தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அதுவும் உதவவில்லை. அங்கே போன் மலைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். பெட்டிக்குக் கால் கொடுத்தால் ஒரு பெண், எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று மலையாளத்தில் “பரிதிக்குப் புறத்தாணு” என்பாள். அந்தத் தோட்டங்களுக்காகச் சிம்மே வேண்டாத ரேடியோ மாட்யூல் வாங்கினேன். மோட்டார் ரூமில் ஒன்று, ஆள் கையில் ஒன்று. இரண்டும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும்.

மூன்று மாட்யூல் வந்ததும் என்னிடம் மூன்று புரோகிராம் ஆகிவிட்டது. ஒன்றில் திருத்தியதை மற்ற இரண்டிலும் திருத்த வேண்டும். போன கரண்ட் திரும்பி வந்தால் மோட்டார் உடனே பாயக்கூடாது, கொஞ்சம் பொறுத்து ஓட வேண்டும் என்று 2ஜி பெட்டியில் எழுதினேன். 4ஜிக்கு எழுத விட்டுப்போயிற்று. அடுத்த வாரமே வாழைத் தோட்டக்காரர் ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். எங்களை ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், தோட்டக்காரர்கள் எல்லோரும் எங்களுக்கு மாமன்மார்தான்.

“ஏத்தா, பக்கத்துத் தோட்டத்துப் பெட்டி பொறுத்துப் போடுது. எங்க பெட்டி மட்டும் ஏன் இந்தப் பாய்ச்சல் பாயுது? ரெண்டும் நீ செஞ்சதுதான?”

இரண்டும் நான் செய்ததுதான். அவர் படியிறங்கியதும் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி ஒரே புரோகிராம்தான். கீழே எந்த மாட்யூல் உட்கார்ந்திருக்கிறது என்று மேலே இருக்கிற புரோகிராமுக்குத் தெரியவே கூடாது. நடுவில் ஒரு பொது முகப்பு இருக்கும். எந்த மாட்யூலாக இருந்தாலும் அந்த முகப்பின் பேச்சைப் பேசித்தான் ஆகவேண்டும்.

அண்ணனுக்கு இது உடனே பிடித்துவிட்டது. “ஹோல்டர் மாதிரி. எந்தப் பல்ப மாட்டுனாலும் எரியணும். அம்புட்டுத்தான?” என்றார்.

அவ்வளவுதான் என்றுதான் நானும் நினைத்தேன். பல்புக்கு எரிவதைத் தவிர வேறு வேலை இல்லை. என் மாட்யூல்கள் ஆளுக்கொரு திறமையோடு வந்து நின்றன. ஒன்று மணி அடிக்கும். ஒன்று மணியும் அடிக்கும், இணையத்திலும் பேசும். ரேடியோவுக்கு மணி என்றால் என்னவென்றே தெரியாது.

உரக்கடைக்காரர் தூக்கிப்போடுகிற பழைய காலண்டர் தாள்களை வீட்டுச் சுவரில் ஒட்டி அவற்றின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். எழுப்பு, அனுப்பு, வந்ததைக் கொடு, மணி அடி, தூங்கு என்று முதலில் ஐந்து வேலைகள். ‘மணி அடி’ என்பது என்னை இரண்டு வாரம் பாடாய்ப் படுத்தியது. ரேடியோவுக்கு அதை எழுத முடியாது. எழுதாமல் விட்டால் மேலே இருக்கிற புரோகிராம் ஒவ்வொரு தடவையும் ‘உனக்கு மணி அடிக்கத் தெரியுமா?’ என்று கேட்க வேண்டியிருக்கும். அப்படிக் கேட்க ஆரம்பித்துவிட்டால் முகப்பு எதற்கு? கீழே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாயிற்றே. ஒரு ஓட்டை போட்டால் அடுத்த மாட்யூல் வரும்போது இன்னொரு ஓட்டை, கடைசியில் சல்லடைதான் மிஞ்சும்.

அப்புறம் ஒருநாள் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது புரிந்தது. தோட்டக்காரர் மிஸ்டு கால் கொடுக்கும்போது போன் பேசவா நினைக்கிறார்? மோட்டாரை ஓடு என்கிறார். பெட்டி மணி அடிக்கும்போது ஓடுகிறேன் என்கிறது. மணி என்பது வெறும் வண்டி, உள்ளே வருகிற ஆள்தான் முக்கியம். வீட்டுக்கு வந்ததும் ‘மணி அடி’யையும் ‘அனுப்பு’வையும் கோடு கிழித்து நீக்கிவிட்டு, ‘உத்தரவு வந்தது’, ‘பதில் சொல்’ என்று எழுதினேன். எப்படிச் சொல்வது என்பது அந்தந்த மாட்யூலின் பாடு. 2ஜி மணி அடித்துச் சொல்லட்டும், ரேடியோ லைட்டைப் போட்டுச் சொல்லட்டும். அன்று மீன் கருகியதைக்கூட நான் கவனிக்கவில்லை. அம்மா திட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு எழுதுவது சுலபமாக இருந்தது. இரண்டு பதில்கள்: ஓடுகிறது, நின்றுவிட்டது. 2ஜிக்கு ‘ஓடுகிறது’ எழுதினேன்: நம்பரைக் கூப்பிடு, ஒரு ரிங் போனதும் வெட்டு. அடுத்தது ‘நின்றுவிட்டது’. அதற்கு எழுத ஒன்றுமே இல்லை. நின்றால் சும்மா இருப்பதுதானே வழக்கம்? வெறும் அடைப்புக்குறிகளைப் போட்டு, கடைசியில் ‘பதில் சேர்ந்தது’ என்று முடித்தேன். ஒன்றுமே செய்யாமல், செய்தாயிற்று என்று சொல்லும் ஒரு ஃபங்ஷன், அதாவது புரோகிராமில் ஒரு துண்டு.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பக்கத்தில் ரேடியோவுக்கு எழுதியதைப் பார்த்தேன். அங்கே ஆன்டெனா வயர் பிடுங்கிக்கொண்டால் பதில் வராது. சிக்னல் விழுந்தால் பதில் வராது. பெட்டியே செத்துவிட்டால் பதில் வராது. இந்தப் பக்கம் போனையோ ரேடியோவையோ கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு எல்லாம் ஒன்றுதான். ‘மோட்டார் நின்றுவிட்டது’ என்பதும் ‘உன் பேச்சு எனக்கு எட்டவே இல்லை’ என்பதும் ஒரே மாதிரி கேட்கும். இத்தனை வருடம் தனித்தனிப் புரோகிராமாக இருந்ததால் என் கண்ணில் படாதது, எல்லாவற்றையும் ஒரே முகப்பில் கொண்டுவந்ததும் பல்லை இளித்தது.

அந்தப் பக்கம் போனோடு நிற்பது பெரும்பாலும் என் அண்ணன்.

கிணற்று மோட்டாரில் குப்பை அடைத்துக்கொண்டால் அண்ணன்தான் இறங்குவார். தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற மோட்டார், மேலே நின்றால் சத்தம் கேட்காது. தண்ணீரும் குழாய் வழியாக மண்ணுக்கடியில் எங்கோ போய்விடும். மோட்டார் ரூம் ரோட்டோரத்தில் கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும், கிணறு கீழே ஓடைக்கரையில் கிடக்கும். வயர் திருட்டுக்குப் பயந்து ரூமைப் பூட்டிச் சாவியைத் தோட்டக்காரர் மடியில் கட்டியிருப்பார். அதனால் அண்ணன் என்ன செய்வாரென்றால், கிணற்று மேட்டில் நின்று ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். போன் சும்மா இருந்தால் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குவார். பழைய வயர், ஒட்டுப்போட்ட ஜாயின்ட், இடுப்பளவுத் தண்ணீர். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் கை வைத்தால் அவர் மேலே வரமாட்டார்.

அன்று சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன். சிரித்தார்.

“நேத்தா எறங்குறேன்? எனக்குத் தெரியாதா, ஓடுதா நிக்குதான்னு?”

“எப்படித் தெரியும்? சொல்லுங்க.”

“பெட்டி சும்மா இருந்துச்சுன்னா நின்னுருச்சு.”

“பெட்டி செத்துப்போனாலும் சும்மாதாண்ணே இருக்கும்.”

அவர் போர்டுக்கு மேலிருந்த மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

முகப்பை மாற்றி எழுதினேன். எந்த மாட்யூலாக இருந்தாலும் மூன்று பதில் உண்டு: ஓடுகிறது, நின்றுவிட்டது, தெரியவில்லை. மூன்றாவது பதிலைச் சொல்லத் தெரியாத மாட்யூலுக்கு என் பெட்டியில் இடமில்லை. போன் மாட்யூல்களில் ஓடினால் ஒரு மிஸ்டு கால், நின்றால் இரண்டு. ஒன்றுமே வரவில்லை என்றால் தெரியவில்லை. ரேடியோவில் ஓடினால் சிவப்பு, நின்றால் பச்சை, தெரியாவிட்டால் மஞ்சள் லைட் விட்டுவிட்டு எரியும். இன்னொன்றும் செய்தேன். மாட்யூல்கள் எல்லாம் ‘ஓகே’ என்று ஒரு வார்த்தையைச் சொல்லும். 2ஜிக்கு அது ‘கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்’, 4ஜிக்கு ‘வாங்கி வைத்துக்கொண்டேன்’, ரேடியோவுக்கு ‘காற்றில் வீசிவிட்டேன்’. எதிலும் போய்ச் சேர்ந்தது என்று கிடையாது. அந்த ஓகேயை நம்பவே கூடாது என்று விதி வைத்தேன். மோட்டாருக்குப் போகும் கரண்டை அளந்து, அங்கிருந்து பதில் வந்தால்தான் கணக்கு.

சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு பொய் மாட்யூலும் எழுதினேன். நிஜத்தில் அப்படி ஒரு பலகையே கிடையாது, வெறும் புரோகிராம். போகாமலே போனேன் என்னும், ஒரே உத்தரவை இரண்டு தடவை கொடுக்கும், பாதியில் தூங்கிவிடும். அதற்கு ‘அண்ணன்’ என்று பேர் வைத்தேன். “பக்கத்துல வந்துட்டேன்” என்று அவர் போனில் சொல்லும்போது சின்னமனூரையே தாண்டியிருக்க மாட்டார், அதனால்தான். அந்தப் பொய்யோடு மல்லுக்கட்டி என் முகப்பு ஜெயித்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல அண்ணன்தான் இருந்தார், அவரோ முறைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய கோபத்துக்கும் காரணம் இருந்தது. கோடை ஆரம்பித்திருந்தது. வீரபாண்டித் திருவிழாவுக்குள் பெட்டிகள் வேண்டுமென்று சின்னமனூர்க் கடைக்காரர் ஒருவர் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார். புதுப் பெட்டியை அவரிடம் காட்டிவிட்டு அண்ணன் முகம் தொங்கித் திரும்பினார்.

“தெரியலைன்னு சொல்ற பெட்டிய எவன் வாங்குவான்னு கேக்குறாக. தெரிஞ்சுக்கத்தானய்யா பெட்டி மாட்டுறோம்கிறாக. ஒரு ரிங்கு, ரெண்டு ரிங்குன்னு எண்ணிக்கிட்டு இருக்கவா முடியும்? பழைய மாதிரியே குடு புள்ள. பத்துக் கட கேக்குது.”

“முடியாதுண்ணே.”

“அந்த மஞ்ச லைட்ட மட்டும் எடுத்துரு. பச்சையாக் காட்டிட்டுப் போகட்டும்.”

“எடுக்க மாட்டேன். நான் இருக்கிறவரைக்கும் அந்த ஃபங்ஷனை வெறுமனே விடமாட்டேன்.”

“ஊரெல்லாம் ஒரு மாதிரி செய்யுது. ஒனக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

“நீங்க வந்தீங்க.”

அதை நான் கோபத்தில்தான் சொன்னேன். அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. அலமாரியில் மிச்சமிருந்த பழைய பெட்டிகளை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அதற்கு நடுவிலேதான் தேவாரம் வேலை வந்தது. மலையடிவாரத்தில் வாழையும் தென்னையும் வைத்திருக்கிற ஓர் அக்கா. ரேடியோப் பெட்டி கேட்டிருந்தார். ரேடியோவுக்குப் பழைய புரோகிராம் கிடையாது, என் புதுப் புரோகிராம்தான் உண்டு. அண்ணன் வேறு வழியில்லாமல் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

ரோட்டோர மோட்டார் ரூமில் முதலில் 4ஜி மாட்யூலைச் செருகிப் பார்த்தேன். ஒருவேளை சிக்னல் இருந்தால் அக்காவுக்குச் செலவு குறையுமே என்று. மலையாளப் பெண்தான் பேசினாள்.

“எந்நேரமும் இவதான் பேசுறா. எங்க வீட்டுக்காரர் கூப்பிட்டாக்கூட இவதான் எடுக்குறா” என்றார் அக்கா.

4ஜியைப் பிடுங்கினேன். அதே இடத்தில் ரேடியோவைச் செருகினேன். புரோகிராமில் ஓர் எழுத்தைத் தொடவில்லை. பெட்டி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ரேடியோவோடு பேச ஆரம்பித்தது. கையிலிருந்த ரிமோட்டில் சிவப்பு எரிந்தது, மோட்டார் ஓடியது. எத்தனை காலண்டர் தாள் கிழித்தேன் அதற்காக! குதிக்க வேண்டும்போல இருந்தது. அண்ணன் ஸ்டார்ட்டர் கதவைத் திருகிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வந்ததுதான் வந்தோம் என்று அக்கா இன்னொரு வேலை வைத்தார். தண்ணீர் குறைவாக வருகிறது, கிணற்றில் என்னவோ அடைத்திருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். மூன்று பேரும் வாழைக்குள் நடந்து கீழே ஓடைக்கரைக் கிணற்றுக்கு வந்தோம். அண்ணன் ரிமோட்டில் நிறுத்தும் பொத்தானை அமுக்கினார். சிவப்பு அணைந்தது. பச்சை வரவில்லை. மஞ்சள் விட்டுவிட்டு எரிந்தது.

“நின்னுருச்சு” என்றார் அண்ணன், சட்டைப் பொத்தானில் கை வைத்து.

“தெரியலைங்குது.”

“அமுக்குனனா இல்லையா? நின்னுருக்கும்.”

“இருக்கும்னு எறங்காதீங்க. மேல போய்ப் பாப்போம்.”

வெயில் மண்டையைப் பிளந்தது. மேலே ரோடு வரைக்கும் ஏற்றம். அண்ணன் ஒரு காலைக் கிணற்றுப் படியில் வைத்துவிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன், சின்னப் பிள்ளையில் பம்பரத்துக்குச் சண்டை போடும்போது பிடிப்பதைப் போல. அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவர்தான், “ஏலே தம்பி, அந்தப் புள்ளதான இத்தன சொல்லுது, போய்ப் பாத்துட்டு வந்துருவோம்” என்று முதல் ஆளாக நடந்தார்.

மேலே போய்ப் பார்த்தோம். மோட்டார் நின்றுதான் இருந்தது. அண்ணன் கதவைச் சாத்தும்போது ஆன்டெனா வயர் இடுக்கில் மாட்டி நசுங்கியிருந்தது. உத்தரவு எப்படியோ உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது, நின்ற சேதிதான் காற்றில் ஏறவே இல்லை.

“பாத்தியா?” என்றார் அண்ணன். “நான் சொன்னேன்ல, நின்னுருச்சுன்னு?”

“ஆமா. இப்பத்தான் தெரியும்.”

அவருக்கு அந்தப் பதில் எரிச்சலைக் கூட்டியது. அக்கா சிரித்துக்கொண்டே, “ஒரு லைட்ட நம்பி இம்புட்டுத் தூரம் ஏற வச்சிட்டியே ஆத்தா” என்றார். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் வயரை வேறு வழியாக விட்டுக் கட்டினேன், மஞ்சள் லைட்டை அப்படியே விட்டேன். திரும்பி வருகிற வழியில் உள்ளுக்குள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே வந்தது: நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தால்தான் நீ சொன்னது சரியாகுமா? இல்லை என்று நானே அதற்குப் பதில் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது சரி, உள்ளே எப்படி இருந்தாலும் சரி. இதை அண்ணனுக்குப் புரியவைக்கும் வழிதான் தெரியவில்லை.

சின்னமனூர்க் கடைக்காரர் ஆர்டரை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். திருவிழா வந்தது, போனது. அண்ணன் சாக்கிலிருந்த பழைய பெட்டிகளைத் தானே விற்று, தானே மாட்டிக்கொண்டிருந்தார். பட்டறைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், அம்மாவோடு பேசுவார், என்னிடம் தண்ணீர்ச் செம்பை மட்டும் நீட்டுவார். நான் புது முகப்பை மெருகேற்றிக்கொண்டே இருந்தேன். வாங்க ஆள் இல்லாத பெட்டிக்கு எதற்கு இந்த மெருகு என்று அம்மா கேட்டார். ஆள் வரும்போது பெட்டி தயாராக இருக்க வேண்டுமல்லவா என்றேன். உண்மையில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பயந்தாலும் அந்த வெறும் அடைப்புக்குறிகளுக்குத் திரும்புவதாக இல்லை.

ஒருநாள் முற்பகலில் போன் அடித்தது. அண்ணன். வாரக்கணக்கில் பேசாதவர்.

“ஏ புள்ள.”

“சொல்லுங்கண்ணே.”

“கோம்பைப் பக்கம் ஒரு கெணத்துல நிக்கிறேன். தோட்டக்காரர் மோட்டார் ஓடுதுன்னு சொல்லிட்டு, ரூமப் பூட்டிட்டு போடிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாக. நிறுத்துறதுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். பெட்டி சும்மா இருக்கு.”

“பழைய பெட்டியா?”

“ஆமா.”

அவர் பக்கத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது கேட்டது.

“நின்னுருச்சுதான?” என்றார்.

அவர் அப்படி என்னிடம் கேட்டதே இல்லை. அந்தப் பெட்டியைச் செய்தவள் நான். எந்த ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று தெரியும். நின்றிருக்கத்தான் வாய்ப்பு அதிகம், நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான். ஆம் என்று சொன்னால் அவர் முகம் தெளியும், வீட்டில் பழையபடி பேச்சு வரும் என்றுகூட அந்த நொடியில் தோன்றியது.

“தெரியலண்ணே” என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார்.

நான் திரும்பக் கூப்பிட்டேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வண்டியில் போனை வைத்துவிட்டாரா? சட்டைப் பையில் வைத்து, சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்தாரா? கோபத்தில் எடுக்கவில்லையா? எல்லாமே இந்தப் பக்கம் ஒரே மாதிரிதான் கேட்டது. அல்லாவே, அல்லாவே என்று வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஆட்டோ பிடித்துக் கோம்பைக்குப் போகலாமென்றால் எந்தக் கிணறு என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சால்டரிங் அயர்ன் சூடாகவே கிடந்தது. உரக்கடைப் பையன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான், ஆறிப்போயிற்று. எனக்குத் தெரிந்து நான் அவ்வளவு பயந்ததில்லை.

மத்தியானத்துக்கு மேல் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன். அண்ணன்தான். சட்டை போட்டிருந்தார். கைலி நனையவில்லை. தோளில் சாக்கு.

“போன எடுக்க வேண்டியதுதான?” என்று கத்தினேன். “நான் இங்கன உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்!” அவர் தோளில் இரண்டு அடி வைத்தேன். அழுகை வந்துவிட்டது. அவர் வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு சாக்கை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ரூமுச் சாவிக்குத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனேன். இன்னொண்ணு வச்சிருந்தாக. தொறந்து பாத்தேன்.” தண்ணீர் குடித்தார். “ஓடிக்கிட்டு இருந்துச்சு.”

சூடாகவே கிடந்த அயர்னின் ஸ்விட்சை அணைத்தேன்.

“அவுக வீட்டுல யாரோ காலைலயே ஒரு மிஸ்டு கால் கொடுத்து நிறுத்தியிருக்காக. தோட்டக்காரருக்குத் தெரியாது. நான் நிறுத்துறதுக்குக் கொடுத்த கால்லதான் அது ஓட ஆரம்பிச்சிருக்கு. சிம்முக்கு ரீசார்ஜ் முடிஞ்சுபோச்சு. உள்ள வர்ற கால் வருது, அதால திருப்பிக் கூப்பிட முடியல.”

அந்த மோட்டாரை அண்ணனேதான் ஓடவிட்டிருக்கிறார். ஓடவிட்டுவிட்டு, சும்மா இருந்த போனைப் பார்த்துச் சட்டையைக் கழற்றப் போயிருக்கிறார்.

சாக்கின் வாயை அவிழ்த்தார். உள்ளே பெட்டிகள், நான் செய்த பழைய பெட்டிகள். வயர்கள் அறுபட்டுத் தொங்கின. கோம்பையிலிருந்து வருகிற வழியில் ஒவ்வொரு தோட்டமாக நிறுத்தி, சாவி வாங்கித் திறந்து, தான் மாட்டியதைத் தானே கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். போன் வண்டிப் பெட்டிக்குள் கிடந்து அடித்ததெல்லாம் அவருக்குக் கேட்கவில்லை.

“எல்லாத்துலயும் உன்னோடத ஏத்து” என்றார். “சாயங்காலத்துக்குள்ள ரெண்டாச்சும் குடு. வாழைக்குத் தண்ணி இல்லாம வைவாக.”

ஒரு பெட்டியை எடுத்து மூடியைத் திருக ஆரம்பித்தேன். ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக்கொண்டே இருந்தது. அவர் அதை என்னிடமிருந்து வாங்கி, தானே கழற்றினார். அவருக்கும் வழுக்கியது.

“நீ நின்னுருச்சுன்னு சொல்லியிருந்தா எறங்கியிருப்பேன், புள்ள” என்றார், தலையை நிமிர்த்தாமல்.